கல்மேல் குடியிருக்கும் செடிகள்: வாசகர் கேள்வி – பதில்

தரையோடு தரையாகப் படர்ந்து மூடும் சதைப்பற்றுச் செடிகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டோம். கேட்கப்பட்டவை பெரும்பாலும் மூன்று கூட்டத்தைச் சேர்ந்தவை: கொத்துக் கொத்தாகச் சிற்றிலை விடும் செடம், தாமரைபோல் அடுக்காக உட்காரும் செம்பர்விவம், மினுமினுக்கும் பூவோடு ஓடும் டெலோஸ்பெர்மா. மொட்டைமாடி பற்றிய கேள்விகளே அதிகம் என்பதால் அங்கே கொஞ்சம் நீட்டிப் பேசியிருக்கிறோம்.

கேள்வி: தொழுவுரம் போட்டுப் பண்படுத்திய மண்ணில் செடம் நட்டேன். தினமும் காலையில் தண்ணீர். இரண்டு மாதம் கொழுகொழுவென்று இருந்தது. இப்போது நடுப்பகுதியில் தண்டு கறுத்து, தொட்டால் கையோடு வருகிறது. என்ன நோய் இது?

உபசாரம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். செடம் என்ற பெயரே ‘உட்கார்’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பாறை இடுக்கில், கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில் உட்கார்ந்து பிழைக்கிற சாதி. அதை விருந்தாளிபோல் நடத்தினால் இப்படித்தான் ஆகும்.

இது கிராசுலேசி குடும்பத்துச் செடி. நமக்குத் தெரிந்த ரணகள்ளியும் அதே குடும்பம். மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும்போது உள்ளிருக்கும் நீரும் ஆவியாகிப் போகும். செடம் வகைகளில் பல, மண் காய்ந்ததும் அந்த வேலையை ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளும். இரவில் துளை திறந்து, எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் சேமிக்கும். பகலில் துளையை மூடிக்கொண்டு சேமிப்பைச் செலவழிக்கும். இலையில் நீர் இருப்பு, ராத்திரி வேலை என்று இரண்டு பாதுகாப்பு இருப்பதால் வறட்சி இதற்குப் பெரிய எதிரி இல்லை. வேர்தான் பலவீனமான இடம். பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவும் மெல்லிய வேர். அதற்கு எப்போதும் காற்று வேண்டும். மண் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்து நின்றால் வேர் மூச்சுத் திணறும். பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த அழுகல் நுண்ணுயிரிகள் அப்போதுதான் உள்ளே நுழையும். தொழுவுரம் வேறு தழைச்சத்தை அள்ளிக் கொடுத்ததில் தண்டு நீண்டு, மெத்தென்று நீர் கோத்துச் சாய்ந்திருக்கும். சாய்ந்த தண்டுகளுக்கு அடியில் காற்று போகாத நடுப்பகுதிதான் எப்போதும் முதலில் அழுகும்.

இப்போது செய்யவேண்டியது: தண்ணீரை நிறுத்துங்கள். ஓரத்தில் நன்றாக இருக்கும் தண்டுகளின் நுனியை 5 செ.மீ. நீளத்தில் வெட்டி எடுங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும். சுத்தமான பச்சை தெரியும் வரை விடாதீர்கள். வெட்டிய நுனிகளை நிழலில் இரண்டு நாள் காயப்போட்டால் காயம் மூடிக்கொள்ளும். கறுத்த பகுதியையும் அதைச் சுற்றி ஒரு சாண் மண்ணையும் அகற்றிவிடுங்கள்.

மறுபடி நடுவதற்குமுன் வடிகால் பார்த்துவிடுங்கள். 30 செ.மீ. ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் நேரடியாக நடக்கூடாது. 15 செ.மீ. உயர்த்தி மேட்டுப்பாத்தி போடுங்கள். அதற்குக் கலவை: 3 முதல் 8 மி.மீ. வரையுள்ள செங்கல் நொறுங்கல் அல்லது பொடிச்சல்லி 5 பங்கு, கரடுமணல் 3 பங்கு, தோட்டத்து மண் 2 பங்கு. மக்கிய உரம் தேவையே இல்லை. மனசு கேட்காவிட்டால் அரைப் பங்கு. நைஸ் மணலைச் சேர்க்காதீர்கள். களிமண்ணோடு சேர்ந்தால் கட்டிதட்டி நிற்கும். நட்டபின் தண்டைச் சுற்றி 2 செ.மீ. கனத்துக்குச் சல்லி பரப்புங்கள். கழுத்துப்பகுதி காய்ந்தே இருந்தால் பாதி அழுகல் வராது.

எப்போது தண்ணீர் என்பதற்கு அடியிலையைக் கிள்ளிப் பாருங்கள். தோல் சுருங்கி மெலிந்திருந்தால் தாகம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, கொழகொழவென்று நசுங்கினால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. இரண்டையும் ‘வாடல்’ என்று ஒரே கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு குடம் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு.

கேள்வி: செடம் என்று கேட்டு வாங்கினேன். சீட்டில் ‘ஹைலோடெலிபியம்’ என்று போட்டிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. ஒரே பேரினமாக வைத்திருந்ததைத் தாவரவியலாளர்கள் பிரித்துவிட்டார்கள். நிமிர்ந்து வளர்ந்து தட்டையான பூங்கொத்து விடுபவை ஹைலோடெலிபியம்; அகன்ற இலையோடு படர்பவற்றில் பல ஃபெடிமஸ்; ஊசியிலைக்காரர்கள் சிலர் பெட்ரோசெடம். பழைய பெயரும் புதிய பெயரும் கலந்தே புழங்குகின்றன. உங்களுக்கு முக்கியமானது இது: ஹைலோடெலிபியம் 40 முதல் 60 செ.மீ. உயரம் போகும் தூர்ச்செடி. தரையை மூட உதவாது, மெல்லிய மாடிப் பாத்திக்கும் ஏற்றதல்ல.

சீட்டைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப்பால் வடிந்தால் அது செடம் இல்லை, பெரும்பாலும் யூஃபோர்பியா. நீலப்பச்சை இலையோடு தரையில் படரும் யூஃபோர்பியா மிர்சினைட்டிஸ் பார்வைக்குச் செடம்போலவே இருக்கும். அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து.

கேள்வி: 10 சதுர மீட்டர் இடத்தை மூட வேண்டும். எத்தனை செடி வாங்குவது? ஒடித்து நட்டாலே வரும் என்கிறார்களே?

வரும். நாற்றாக நடுவதென்றால் 25 செ.மீ. இடைவெளிக்குச் சதுர மீட்டருக்கு 16, ஆகவே 160 நாற்று. 20 செ.மீ. இடைவெளிக்கு 25 வீதம் 250. நெருக்கி நட்டால் சீக்கிரம் மூடும், களையெடுக்கும் வேலை குறையும். அகல நட்டால் காசு மிச்சம், முதுகு வலி மிச்சமில்லை.

பொறுமை இருந்தால் 20 தாய்ச்செடி போதும். அவை படர்ந்ததும் கத்தரியால் 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக வெட்டித் தூவுங்கள். சதுர மீட்டருக்கு 60 முதல் 80 கிராம் துண்டு நல்ல அளவு. உங்கள் இடத்துக்கு மொத்தம் 800 கிராமுக்குள் அடங்கிவிடும். வெட்டிய துண்டுகளை மூட்டை கட்டி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்த துண்டு தன் சூட்டிலேயே வெந்துபோகும். பரப்பைச் சமன்செய்து, நனைத்து, துண்டுகளைக் கைவீச்சாகத் தூவி, மேலே அரை செ.மீ. கனத்துக்குக் கரடுமணல் தூற்றி, பலகையால் லேசாக அழுத்துங்கள். தண்டின் ஒரு கணுவாவது மண்ணைத் தொட வேண்டும், அதுதான் கணக்கு. ஆழப் புதைத்தால் அழுகும்.

முதல் மூன்று வாரம் மேற்பரப்பு முழுக்கக் காயாமல் பூவாளியால் தெளியுங்கள். வறட்சிச் செடிக்கு எதற்கு என்று இந்த மூன்று வாரத்தில் கஞ்சத்தனம் காட்டினால் துண்டு காய்ந்து குச்சியாகும். வேர் இல்லாத துண்டுக்கு வறட்சி தாங்கும் திறமை பாதிதான். நாலாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு தடவை, எட்டாம் வாரத்துக்குப் பிறகு இலையைப் பார்த்து. கடும் வெயில் காலத்திலும் உறைபனிக்கு ஆறு வாரத்துக்குள்ளும் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

ஒரே வகையைப் போடாமல் நாலைந்து வகை கலந்து தூவுங்கள். செடம் ஆல்பம், செடம் செக்ஸாங்குலாரே, பெட்ரோசெடம் ரூபெஸ்ட்ரே, ஃபெடிமஸ் ஸ்பூரியஸ், ஃபெடிமஸ் காம்ஸ்சாட்டிகஸ் நல்ல சேர்க்கை. ஈர ஆண்டில் ஒன்று ஜெயிக்கும், வறண்ட ஆண்டில் இன்னொன்று. எது எங்கே பிடிக்கும் என்பதைச் செடிகளே பேசித் தீர்த்துக்கொள்ளும்.

கேள்வி: செம்பர்விவம் ஒன்று திடீரென்று நடுவில் நீண்டு பூத்தது. பூ முடிந்ததும் செத்துவிட்டது. காப்பாற்றியிருக்க முடியுமா?

முடியாது. ஒவ்வொரு அடுக்கும் ஒரே ஒரு முறை பூத்துவிட்டு முடிந்துபோவது அதன் இயல்பு, வாழை மரம்போல. அதற்குள் சுற்றிலும் பக்கக்கன்றுகள் விட்டிருக்கும். காய்ந்த தண்டைத் திருகி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் சல்லி நிரப்பி ஒரு கன்றைத் தள்ளிவையுங்கள். பூங்காம்பை முளையிலேயே கிள்ளினாலும் அடுக்கு பிழைப்பதில்லை.

செம்பர்விவம் என்றால் ‘என்றும் உயிருள்ளது’ என்று பொருள். தனி ஆளுக்கு அந்த வரம் இல்லை, குடும்பத்துக்கு உண்டு. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதன் பரவலான இனத்துக்கு டெக்டோரம், அதாவது ‘கூரைகளுக்குரியது’ என்று பெயர் வைத்தார். அதற்கும் 950 ஆண்டுகளுக்கு முன்பே, 800ஆம் ஆண்டையொட்டிச் சார்லமேன் பேரரசரின் பண்ணைகளுக்கு எழுதப்பட்ட ஆணையில், தோட்டக்காரன் தன் வீட்டுக்கூரையில் ‘ஜூபிடரின் தாடி’ வளர்க்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அது இந்தச் செடிதான். ஜூபிடர் ரோமரின் இடிக்கடவுள்; இது இருந்தால் இடி விழாது என்ற நம்பிக்கை அதன் பின்னால் உண்டு.

கேள்வி: மரத்தடியில் நட்டது நெட்டையாகி, இலைக்கு இலை இடைவெளி விட்டு, வெளுத்துச் சாய்கிறது.

வெளிச்சம் போதவில்லை. நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் இருந்தால்தான் செடம் தட்டையாக, நெருக்கமாகப் படரும். நாலு மணி நேரத்துக்கும் கீழே போனால் இப்படி நீளும். உரம் போட்டால் இன்னும் மோசமாகும். அந்த இடத்துக்கு வேறு செடி பாருங்கள். அரைநிழல் தாங்கும் செடம் டெர்னேட்டம் போன்ற ஓரிரு இனங்கள் இருந்தாலும், அடர்ந்த மரத்தடிக்கு அவையும் மல்லுக்கட்டித்தான் நிற்கும்.

கேள்வி: நடைபாதைக் கல் இடுக்குகளில் புல்லுக்குப் பதில் இதை நடலாமா? மிதித்தால் தாங்குமா?

எப்போதாவது ஒரு கால் பட்டால் தாங்கும். தினம் நடக்கும் தடத்தில் தாங்காது. நீர் நிறைந்த இலை நசுங்கி வழுக்கவும் செய்யும். கற்களை நடையளவுக்குப் பதித்துவிட்டு, கால் படாத இடுக்கில் மட்டும் நடுங்கள். இடுக்கு 3 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். அடியில் சிமென்ட் பூசிய கல்பாவு என்றால் வேருக்கு இடமில்லை. மணல் படுக்கையில் பதித்ததாக இருந்தால் நல்லது. இடுக்கு மணலைக் கரண்டிக்காம்பால் 5 செ.மீ. ஆழம் கிளறி, கரடுமணலும் பொடிச்சல்லியும் சமமாகக் கலந்து நிரப்பி, செடம் ஆக்ரே அல்லது செடம் ஆல்பம் துண்டுகளைச் செருகுங்கள். செல்லப்பிராணியோ தவழும் குழந்தையோ இருந்தால் ஆக்ரே வேண்டாம். அதன் சாறு காரமாக எரியும், தின்றால் வாந்தி வரும்.

சரிவுகளுக்கும் கல்கட்டு விளிம்புகளுக்கும் டெலோஸ்பெர்மா கூப்பரி நன்றாக வரும், பூவும் அள்ளிக் கொடுக்கும். குளிரைவிடக் குளிர்கால ஈரம்தான் அதைக் கொல்லும் என்பதால் சரிவே அதற்குச் சொர்க்கம். ஆனால் ‘ஐஸ் பிளான்ட்’ என்ற ஒரே பெயரில் கார்ப்போபுரோட்டஸ் என்ற முரட்டுச் செடியும் கிடைக்கும். கலிபோர்னியாவிலும் மத்தியதரைக் கடற்கரைகளிலும் அது மணல்மேடுகளை ஆக்கிரமித்து, அங்கிருந்த செடிகளை அமுக்கிவிட்டது. விரல் பருமன் இலை, முக்கோண வெட்டு என்றால் அதுதான். வாங்காதீர்கள்.

கேள்வி: 20 சதுர மீட்டர் கான்கிரீட் மொட்டைமாடியில் செடம் பரப்பலாம் என்று இருக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

செடியில் ஆரம்பிக்காதீர்கள். எடையில் ஆரம்பித்து, தண்ணீருக்கு வந்து, கடைசியில் செடிக்குப் போங்கள்.

எடை: மண்கலவை காய்ந்திருக்கும்போது நிறுத்தால் கணக்குத் தப்பும். நனைந்து ஊறிய எடைதான் தளத்தின் மேல் உட்காரும். வீட்டிலேயே பார்க்கலாம். அடியில் துளையிட்ட 10 லிட்டர் வாளியில் கலவையை நிரப்பி, முழுக்க நீரில் அமிழ்த்தி ஊறவைத்து, இரண்டு மணி நேரம் வடியவிட்டு எடை போடுங்கள். வாளி எடையைக் கழியுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. கனம் என்பது சரியாக 10 லிட்டர். ஆகவே வாளியில் 13 கிலோ வந்தால், ஒவ்வொரு செ.மீ.க்கும் சதுர மீட்டருக்கு 13 கிலோ. 8 செ.மீ. போட்டால் 104 கிலோ. வடிகால் அடுக்கு, அதில் நிற்கும் நீர், செடி எல்லாம் சேர்த்து 20 கிலோ வைத்துக்கொண்டால் 124. உங்கள் 20 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2,500 கிலோ, நிரந்தரமாக. கட்டடப் பொறியாளரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: “சதுர மீட்டருக்கு 125 கிலோ நிலையான சுமையை இந்தத் தளம் கூடுதலாகத் தாங்குமா?” ஆட்கள் நடமாட ஒதுக்கிய தாங்குதிறனைச் செடிக்குச் செலவழிக்கக்கூடாது என்பதையும் அவரிடம் நினைவூட்டுங்கள். அவர் வரைபடம் பார்த்துச் சரி என்றால் மேலே படியுங்கள். கண்ணால் பார்த்தே ‘தாங்கும் தாங்கும்’ என்பவர் பேச்சைக் கேட்டு இறங்காதீர்கள்.

தண்ணீர்: தளத்துக்கு மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டமாவது இருக்க வேண்டும். நீர்த்தடுப்பு அடுக்கு போட்டு முடித்ததும், வடிகுழாய் வாயை அடைத்து 5 செ.மீ. தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுவிடுங்கள். இதுவே சதுர மீட்டருக்கு 50 கிலோ, அதையும் பொறியாளர் கணக்கில் சேர்க்க வேண்டும். கீழே கூரையில், சுவர் சேரும் மூலையில், குழாய் இறங்கும் இடத்தில் ஈரத்திட்டு தெரிகிறதா பாருங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாமல் ஒரு சட்டி மண்கூட மேலே ஏற்றாதீர்கள். செடி வளர்ந்தபின் கசிவைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுவதுதான். நீர் ஒரு மூலையில் நுழைந்து இன்னொரு மூலையில் சொட்டும்.

அடுக்குகள், கீழிருந்து மேலாக: நீர்த்தடுப்பு, அதன் மேல் வேர்த்தடுப்புத் தாள், ஒட்டுகளைச் சூட்டில் இணைத்தது. செடத்தின் வேர் தளத்தைத் துளைக்காது என்பது உண்மை. பறவை எச்சத்தில் வந்து விழும் மரக்கன்று துளைக்கும், வேர்த்தடுப்பு அதற்காகத்தான். பிறகு தடித்த பாதுகாப்புக் கம்பளம். அதன் மேல் 2 முதல் 4 செ.மீ. உயரக் குமிழ்ப்பலகை வடிகாலாக. பலகைக்குப் பதில் சல்லி போடலாம். ஆனால் 4 செ.மீ. சல்லியே சதுர மீட்டருக்கு 60 கிலோவைத் தாண்டும். அதன் மேல் வடிகட்டித் துணி, ஓரங்களில் மண்ணின் உயரம் வரை மடித்து ஏற்றியது. துணியில்லாவிட்டால் நுண்மண் இறங்கி வடிகாலை அடைக்கும். பிறகு 8 முதல் 10 செ.மீ. கலவை.

மாடிக் கலவையில் பத்தில் எட்டரைப் பங்கு கனிமமாக இருக்கட்டும்: பியூமிஸ் என்ற நுரைக்கல், எரிமலைக்கல், சுட்ட களிமண் உருண்டை, செங்கல் நொறுங்கல், எது கிடைக்கிறதோ அது. தூசியைச் சலித்துவிடுங்கள். மக்கிய உரம் ஒன்றரைப் பங்கைத் தாண்ட வேண்டாம். தென்னைநார்த்தூள் இலேசாக இருக்கிறதே என்று நிறையக் கலப்பவர்கள் உண்டு. அது மக்கிச் சுருங்கினால் இரண்டு ஆண்டில் பாத்தி பாதியாக அமுங்கும், முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்கவும் மறுக்கும். 8 செ.மீ.க்கு 20 சதுர மீட்டருக்கு 1,600 லிட்டர். அமுங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 1,900 லிட்டர் தயார் செய்யுங்கள்.

கைப்பிடிச் சுவர் ஓரமும் வடிகுழாயைச் சுற்றியும் 30 முதல் 50 செ.மீ. அகலத்துக்குச் செடி வேண்டாம், 16 முதல் 32 மி.மீ. கூழாங்கல் மட்டும். நீர் ஓடவும், சுவர் ஓதம் ஏறாமலிருக்கவும், தீ தாவாமலிருக்கவும், நீங்கள் நடந்து போய்ப் பார்க்கவும் அந்த ஓரம் தேவை. காற்று மூலைகளில்தான் அதிகமாகத் தூக்கும், அங்கே பாவுகல் வையுங்கள். வடிகுழாய் மேல் திறந்து பார்க்கும் மூடியுள்ள பெட்டி வைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: இத்தனை அடுக்கு எதற்கு? பாலித்தீன் விரிப்பைப் போட்டுத் தோட்டத்து மண்ணைக் கொட்டினால் ஆகாதா?

ஆகாது. ஈரத்தோட்டமண் செ.மீ.க்கு 18 கிலோவுக்கு மேல் போகும், வடியாது, முதல் கனமழையில் செடி அழுகும். பாலித்தீன் ஒட்டில்லாமல் கிடப்பதால் நீர் மடிப்பில் நுழைந்து தளத்துக்கும் விரிப்புக்கும் நடுவில் அடைபட்டுக்கொள்ளும். அதைவிட வெறும் மாடியே மேல். கையில் பணம் குறைவென்றால் 10 செ.மீ. ஆழத் தட்டுகளில் கலவை நிரப்பி, தாங்கிகளின் மேல் தூக்கிவைத்து வளருங்கள். கசிவு வந்தால் தூக்கிப் பார்க்கவாவது முடியும்.

கேள்வி: சரிவுக் கூரையில்?

10 பாகை வரை தட்டைக்கூரைபோலவே. 15 பாகையைத் தாண்டினால் கலவை மெல்ல மெல்லக் கீழிறங்கும். குறுக்குச் சட்டங்களோ தேன்கூட்டு வலையோ வைத்துத் தாங்க வேண்டும், அவற்றை நீர்த்தடுப்பைத் துளைக்காமல் மேல்விளிம்பிலிருந்து தொங்கவிட வேண்டும். துண்டு தூவாமல் வளர்ந்த செடம் பாயைச் சுருளாக வாங்கி விரிப்பது இங்கே நல்லது. 2003இல் அமெரிக்காவின் டியர்பார்னில் ஃபோர்டு லாரித் தொழிற்சாலையின் 10 ஏக்கர் சொச்சக் கூரையையே இப்படிச் செடத்தால் மூடினார்கள். உச்சிப்பக்கம் எப்போதும் முதலில் காயும், அதற்கேற்ற வறட்சி வகையை மேலே போடுங்கள். 30 பாகைக்கு மேல் வீட்டளவில் முயல வேண்டாம். தகரக்கூரை, ஓட்டுக்கூரை மேல் நேரடியாகப் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாடி பசுமையாகிவிட்டது, இனி தண்ணீரே வேண்டாம், வேலையே இல்லை என்று சொன்னார்கள். இரண்டாம் ஆண்டில் புல்லும் மரக்கன்றும்தான் தெரிகிறது. செடம் மெலிந்துவிட்டது.

வேலையே இல்லாத கூரை என்று ஒன்று கிடையாது. செடி முழுக்க மூடும்வரை, முதல் இரண்டு ஆண்டு, வருஷத்துக்கு நாலைந்து முறை களையெடுக்க வேண்டும். பிறகு இரண்டு முறை போதும். மரக்கன்றை விரல் நீளத்தில் பிடுங்கினால் வேரோடு வரும். பெரிதான பின் இழுத்தால் வடிகட்டித் துணியையும் சேர்த்து இழுத்துவரும். அப்போது அடியோடு வெட்டி, மறுபடி துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இருங்கள். பருப்புக்கீரை வந்தால் கூடுதல் கவனம் தேவை: அதுவும் சதைப்பற்றுச் செடிதான், படர்ந்து கண்ணை ஏமாற்றும், பிடுங்கிப் போட்ட இடத்திலேயே மறுபடி வேர் விட்டு விதையும் உதிர்க்கும்.

புல் ஜெயிக்கிறதென்றால் கலவையில் உரம் அதிகம் அல்லது கனம் அதிகம். 15 செ.மீ. தாண்டிய கலவையில் புல்லோடு போட்டியிட்டுச் செடம் தோற்கும். அதன் ஆயுதமே பட்டினிதான். மாறாகச் செடம் சிறுத்து, செம்பழுப்பாகி, இடையில் பாசி பரவினால் சத்துப் பஞ்சம். ஆண்டுக்கு ஒருமுறை, வளர்பருவத் தொடக்கத்தில், சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து போதும். 15 சதவீதத் தழைச்சத்துள்ள மெதுவாகக் கரையும் குருணை என்றால் 33 கிராம். கரையும் யூரியாவைத் தூவாதீர்கள். பாதி மழையோடு சாக்கடைக்குப் போகும், மீதி உங்கள் களைக்குப் போகும்.

தண்ணீர் பற்றி: மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 88 நாள் நடந்த சோதனையில், அத்தனை நாளும் நீரில்லாமல் இருந்த செடம்கூடச் சாகவில்லை. ஆனால் வளர்ச்சி நிற்காமலிருக்க 2 செ.மீ. கலவையில் 14 நாளுக்கு ஒருமுறையும் 6 செ.மீ. கலவையில் 28 நாளுக்கு ஒருமுறையும் தண்ணீர் தேவைப்பட்டது. சாகாமலிருப்பது வேறு, தரையை மூடுவது வேறு. மழையில்லாத மாதங்களில் மாதம் ஒருமுறை, சதுர மீட்டருக்கு 10 லிட்டர் வீதம் ஊற விடுங்கள்.

கேள்வி: கீழறை குளிருமா? சூரியத் தகடும் கூடவே வைக்கலாமா?

வெயில் நேராகத் தளத்தில் விழாது, கலவை சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அந்த அளவுக்கு நிச்சயம் பலன் உண்டு. ஆனால் இலையிலிருந்து நீராவி போய்க் குளிர்விக்கும் வேலையில் செடம் புல்லைவிடப் பின்தங்கியதுதான். பகலில் இலைத்துளையை மூடிக்கொள்ளும் செடியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கூரை வெப்பக்காப்புக்கு இது மாற்று என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

சூரியத் தகட்டோடு சேரும். சிலிக்கான் தகடு ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீத மின்சாரத்தை இழக்கும் என்பதால் சுற்றுப்புறம் கொஞ்சம் தணிந்தாலும் லாபம்தான். தகட்டின் கீழ்விளிம்பு கலவைக்கு 30 செ.மீ. மேலே இருக்கட்டும், முன்னால் குட்டை வகைகளை மட்டும் வையுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் பகலும் வெப்பம், இரவும் வெப்பம், மாதக்கணக்கில் மழை. செம்பர்விவம் மூன்று முறை அழுகிவிட்டது.

நாலாம் முறை முயல வேண்டாம். அது மலைச்செடி, கடும் குளிரைத் தாங்கும், புழுக்கத்தைத் தாங்காது. ராத்திரி வேலை பார்க்கும் செடிக்கு ராத்திரி குளிர வேண்டும். இரவும் கொதித்தால் சேமித்ததைச் சுவாசித்தே தீர்த்துவிடும். செடம் மெக்சிகானம், செடம் லீனியாரே, செடம் சர்மென்டோசம் ஆகியவை ஈரவெப்பத்தை ஓரளவு தாங்கும். சர்மென்டோசம் எல்லை மீறி ஓடும், விளிம்பு கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் பட்டுரோஜாவையும், உப்புக்காற்று அடிக்கும் இடமென்றால் கடலோரத்தில் படரும் வங்கராவாசியையும் நடுங்கள். இரண்டும் குளிர் தாங்காதவை. உங்களுக்கு அது கவலையில்லை.

கேள்வி: நட்ட துண்டுகளைக் காலையில் பார்த்தால் பிடுங்கிக் கிடக்கின்றன. இலையிடுக்கில் பஞ்சுபோல் வெள்ளையாகவும் இருக்கிறது.

பிடுங்குவது பறவை. வேர் பிடிக்கும்வரை மூன்று வாரம் வலை போர்த்துங்கள். வலை இறுக்கமாக இருக்கட்டும், தொங்கினால் பறவையின் கால் சிக்கும். பஞ்சு என்பது மாவுப்பூச்சி. கொஞ்சமாக இருந்தால் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அதிகமென்றால் அந்தத் தண்டை வெட்டி எறிவதே சுலபம். சதைப்பற்றுச் செடிமேல் சோப்புக்கரைசல் தெளித்தால் இலையின் மெழுகுப்பூச்சு போய்விடும், முதலில் ஓரிலையில் தெளித்துப் பாருங்கள். பூச்சியே தெரியாமல் செடி தளர்ந்து, இழுத்ததும் வேரில்லாமல் வந்தால் கூன்வண்டின் வெள்ளைப்புழு கீழே தின்கிறது. கலவையை ஒரு கை ஆழம் கிளறினால் ‘சி’ வடிவில் சுருண்டு கிடக்கும்.

கேள்வி: பச்சையாக இருந்தது வெயிலில் சிவந்துவிட்டது. கருகுகிறதா?

இல்லை. கடும் வெயில், குளிர், பசி இவற்றில் ஏதாவதொன்று வந்தால் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைக் கூட்டிக்கொள்ளும். இலை கெட்டியாக இருக்கும்வரை அழகு என்று எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பழுப்புத் திட்டுதான் கருகல்.

கேள்வி: கத்தரித்து மிஞ்சும் துண்டுகளைத் தோட்டத்து ஓரத்தில் கொட்டலாமா? தேனீக்கு உதவும் என்கிறார்கள்.

பூவை விடுங்கள், தேனீக்கு நல்லது. ஐரோப்பிய மலைகளில் அப்பல்லோ வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குச் செடம் ஆல்பம்தான் முக்கிய உணவு. ஆனால் துண்டுகளை வேலிக்கு அப்பால் கொட்டாதீர்கள். உதிர்ந்த ஓர் இலையிலிருந்தே கூட வேர் விட்டு எழும் வகைகள் உண்டு. உரக்குழியில் போடுவதென்றால் முதலில் சிமென்ட் தரையில் பரப்பி, நசுக்கி, மொறுமொறுவென்று காயவிடுங்கள். பச்சையாகப் போட்டால் அங்கேயும் முளைக்கும்.